பிரேக் அக்காவின் வாக்குறுதி

மனிதர்கள் கடவுளை அதிகமாகக் கூப்பிடும் இடம் எது என்று கேட்டால் பிரேக் அக்கா யோசிக்கவே மாட்டாள். "ரவுண்டானா" என்பாள். கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது அவளுடைய வேலை. பயிற்சிக் காரில் பக்கத்து இருக்கைக்குக் கீழேயும் ஒரு பிரேக் உண்டு. அதன்மேல் காலை வைத்தபடி ஊரில் பாதிப் பேரை அவள் ரவுண்டானா சுற்ற வைத்திருக்கிறாள். வாயைத் திறந்தால் வியாபாரப் பேச்சு மட்டுமே பேசும் ஒரு மொத்த வியாபாரி, எதிரே லாரியைப் பார்த்ததும் பெற்ற தாயையும் எல்லாத் தெய்வங்களையும் ஒரே மூச்சில் அழைத்திருக்கிறார். ஒரு வக்கீல் அம்மா ஸ்டியரிங்கை விட்டுவிட்டு இரண்டு கைகளையும் கூப்பியே விட்டார்.

"அம்மா, அவர் கண்டிப்பா வருவாரு. ஆனா அவருக்கு லைசென்ஸ் இருக்கான்னு எனக்குத் தெரியாது. நீங்க முதல்ல ஸ்டியரிங்கப் பிடிங்க" என்றாள் அக்கா, பிரேக்கை மிதித்துக்கொண்டே.

அந்தக் காலுக்கு ஓய்வே கிடையாது. பஸ்ஸில் உட்கார்ந்தாலும், சினிமா பார்த்தாலும், புருஷன் ஸ்கூட்டரில் பின்னால் ஏறினாலும், ஆபத்து என்று தோன்றினால் வலது கால் தானாக ஒரு மிதி மிதிக்கும். ஒருமுறை தூக்கத்தில் மிதித்ததில் புருஷன் கட்டிலை விட்டே இறங்கிவிட்டார். அவர் கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். பெரிய கண்ணாடியை வெட்டும் முன் கண்ணை மூடி ஒரு வார்த்தை வேண்டிக்கொள்ளாமல் கையை வைக்க மாட்டார். சாது மனிதர். பட்டப்பெயரை வீட்டிலிருந்து தெருவுக்குக் கொண்டுபோனது மட்டும் அவர்தான்.

இப்படி ஊரே கடவுளைக் கூப்பிடும் காரில் உட்கார்ந்துகொண்டு, கூப்பிடாத ஒரே ஆள் அக்காதான். அவளுக்குத் தங்கை ஒருத்தி இருந்தாள். வயதில் சின்னவள், வாயில் பெரியவள். அவள் நோயில் படுத்தபோது அக்கா வேண்டாத வேண்டுதல் இல்லை. எந்த வாசல், யாருடைய வாசல் என்றெல்லாம் பார்க்கவில்லை, எல்லா இடத்திலும் போய் நின்று கெஞ்சினாள். தங்கை போய்விட்டாள். அன்றோடு அக்கா கடவுளோடு பேச்சை நிறுத்திக்கொண்டாள். கடவுள் இல்லை என்றெல்லாம் அவள் யாரிடமும் வாதாடியதில்லை. ஒரே தெருவில் இருந்துகொண்டு முகம் கொடுக்காத சொந்தக்காரர்கள் இல்லையா, அந்த மாதிரி ஒரு கோபம். வருஷங்கள் பல ஓடியும் அது ஆறவில்லை.

சாரணர் படை அவள் தலையில் விழுந்தது தற்செயலாக. பயிற்சிப் பள்ளியின் பின்புறம் ஒரு பெரிய மைதானம் உண்டு. வாரநாட்களில் ரிவர்ஸ் பழகுகிறவர்கள் அங்கே பிளாஸ்டிக் கூம்புகளைச் சாய்த்துத் தள்ளுவார்கள். சனிக்கிழமை மாலையில் சாரணப் பிள்ளைகள் கூடுவார்கள். அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்த வங்கிக் காசாளருக்கு வேலை மாற்றல் வந்தது. பிள்ளைகள் காட்டுக் கூச்சல் போட்ட ஒரு மாலையில் அக்கா எரிச்சலோடு வெளியே வந்து, கூம்புகளை வரிசையாக வைத்து, "ஆளுக்கு ஒரு கூம்பு. அதை விட்டு நகர்ந்தா பெயில்" என்றாள். மைதானம் கப்சிப். காசாளர் அதைப் பார்த்துவிட்டுத் தன் கழுத்திலிருந்த விசிலைக் கழற்றி அவள் கையில் வைத்தார்.

"வேற ஆள் கிடைக்கிற வரைக்கும்தாங்க" என்றார்.

வேறு ஆள் கிடைக்கவில்லை. உண்மையைச் சொன்னால் தேடவும் இல்லை. அக்காவும் ஞாபகப்படுத்தவில்லை. ஏனென்றால் முடிச்சுப் போடுவதும், கூடாரம் அடிப்பதும், முட்டி சிராய்த்த பிள்ளைக்குக் கட்டுப் போடுவதும் அவளுக்குப் பிடித்துப்போயிற்று. வாரம் முழுக்கப் பெரியவர்களின் பயத்தோடு மல்லுக்கட்டியவளுக்கு, பயமே இல்லாத இந்தக் கூட்டத்தோடு இருப்பது பெரிய ஆறுதல். சனிக்கிழமையை நினைத்து வெள்ளிக்கிழமையே சிரிக்க ஆரம்பித்துவிடுவாள் என்று புருஷன் கேலி செய்வார்.

ஒரே ஒரு முள் மட்டும் இருந்தது. சாரணர் வாக்குறுதி. கொடி ஏற்றியதும் எல்லோரும் வலது கையை உயர்த்தி, "கடவுளுக்கு என் கடமையைச் செய்வேன்" என்று தொடங்க வேண்டும். பிள்ளைகள் மைதானம் அதிரச் சொல்வார்கள். அக்கா அந்த வரியில் உதட்டை மட்டும் அசைப்பாள். அடுத்த வரியில், பிறருக்கு உதவுவேன் என்னும் இடத்தில், குரல் திரும்ப வந்துவிடும். யாரும் கவனித்ததில்லை. ஆனால் சாரணர் சட்டத்தில் முதல் சட்டமே சாரணரின் சொல்லை நம்பலாம் என்பது. அதைப் பிள்ளைகளுக்கு விளக்கிச் சொல்லும்போதெல்லாம் அக்கா குனிந்து விசிலைத் துடைக்க ஆரம்பித்துவிடுவாள்.

அதற்காகப் பிள்ளைகளின் பக்தியில் அவள் கை வைத்ததே இல்லை. சொல்லப்போனால், பக்தி உள்ளவர்கள்கூட அவ்வளவு பாடுபட்டிருக்க மாட்டார்கள். ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒரு பிள்ளையின் முறை. அவரவர் வீட்டில் எப்படி வேண்டிக்கொள்வார்களோ அதை அப்பா அம்மாவிடம் கேட்டுக் கற்றுக்கொண்டு வந்து, எல்லோருக்கும் சொல்லித்தர வேண்டும். மருந்துக்கடைக்காரரின் மகள், அணித் தலைவி, நீளமான ஒரு பாட்டை ஒரு சொல் பிசகாமல் பாடினாள். மீன் வியாபாரியின் மகன் தன் முறையை மூச்சு விடாமல் ஓட்டி முடித்தான். கயிறு இழுக்கும் போட்டிக்கு நேரமாகிவிட்டதாம்.

"திரும்பச் சொல்லு. கடவுளுக்குக் காது கேக்கும், ஆனா உன் வேகத்துக்கு அவராலயும் ஓடி வர முடியாது" என்றாள் அக்கா.

தன் வீட்டில் யாரும் எதையும் கும்பிடுவதில்லை என்று ஒருவன் தலை குனிந்தான். "உனக்கு யாருக்கு நன்றி சொல்லணும்னு தோணுதோ அதச் சொல்லு" என்றாள். அவன் ரொம்ப யோசித்து, தன் நாயைக் கொடுத்தவர் யாராக இருந்தாலும் அவருக்கு நன்றி என்றான். யாரோ களுக்கென்று சிரிக்க, அக்கா ஒரு பார்வை பார்த்தாள். அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை.

இன்னொருத்தியின் துதி புரியாத மொழியில் இருக்கிறது என்று இருவர் முகத்தைச் சுளித்தபோதும் அக்கா விடவில்லை. "எதிர்ல வர்ற வண்டி உன் வண்டி மாதிரி இல்லன்னு நீ ஹாரன் அடிப்பியா? ரோடு அவங்களுக்கும் சொந்தம்டா. ஒதுங்கி நின்னு, மரியாதையா வழி விடு."

இப்படி வாரா வாரம் கேட்டுக் கேட்டு, படையின் கடைக்குட்டி எல்லா வீட்டு வேண்டுதல்களையும் மனப்பாடம் செய்துவிட்டாள். முன்பல் விழுந்த சின்னப் பெண். எல்லோரும் பொடிசு என்று கூப்பிடுவார்கள். எந்த வீட்டு வரி எந்த வீட்டோடு சேர்ந்தது என்பதில் மட்டும் அவளுக்குக் கொஞ்சம் குழப்பம் உண்டு.

இந்தப் படைக்கே உரிய வழக்கம் ஒன்றும் அந்த மைதானத்தில் பிறந்தது. வேண்டுதலுக்குக் கண்ணை மூடும் முன் ஒவ்வொருவரும் இடது பக்கம் பார்க்க வேண்டும், வலது பக்கம் பார்க்க வேண்டும், கழுத்தைத் திருப்பிப் பின்னாலும் பார்க்க வேண்டும். வண்டியை நகர்த்தும் முன் அக்கா சொல்லித்தரும் பாடம் அதுதான். இத்தனை பிள்ளைகள் ஒரே நேரத்தில் கண்ணை மூடுவது முதல் வாரமே அவளைக் கதிகலங்க வைத்தது. ரோடு பக்கத்தில் இருக்கிறது, யாராவது ஓடிவிட்டால்? அதனால், "பக்கத்துல இருக்கறவங்க எல்லாரும் இருக்காங்களா, நல்லா இருக்காங்களான்னு பாத்துட்டுக் கண்ண மூடுங்க" என்றாள். பிள்ளைகள் அதையே வேண்டுதலின் முதல் பகுதியாக எடுத்துக்கொண்டார்கள். யாருக்காவது ஷூ கயிறு அவிழ்ந்திருந்தால் பக்கத்துப் பிள்ளை குனிந்து கட்டும். யாராவது அழுத முகமாக நின்றால் ஒரு கை தோளில் விழும். பிறகுதான் கண்ணை மூடுவார்கள்.

எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது பல் டாக்டர் வந்தார். பக்கத்துத் தெருவில் பல் ஆஸ்பத்திரி வைத்திருப்பவர், அந்த வட்டாரத்துச் சாரணர் ஆணையராகப் புதிதாகப் பொறுப்பேற்றிருந்தார். விறைப்பான மனிதர், ஆனால் நேர்மையானவர். எல்லாப் படைகளும் சேரும் முகாம் ஒன்றை அவர் ஏற்பாடு செய்தார். முகாமின் கடைசி நாள் மதியம், பெற்றோர் முன்னிலையில், ஒவ்வொரு படையின் தலைவரும் தனியாக முன்னால் வந்து வாக்குறுதியைப் புதுப்பிக்க வேண்டும் என்றும் சொல்லிவிட்டார். வாக்குறுதி சொல்ல முடியாதவர் படையை நடத்த முடியாது. அது பழைய விதிதான். இத்தனை நாள் யாரும் தனியாக நிற்க வைத்துக் கேட்டதில்லை, அவ்வளவுதான்.

அன்று இரவுச் சாப்பாட்டில் அக்காவுக்குக் கவளம் இறங்கவில்லை.

"நீ வழக்கம்போல வாய அசைச்சிட்டு வந்துடேன்" என்றார் புருஷன்.

"தனியா நின்னு வாய அசைச்சா சத்தம் எங்கிருந்து வரும்? நீங்க பின்னாடி நின்னு பேசுவீங்களா?"

"சரி, சத்தமாவே சொல்லிடு. யாருக்குத் தெரியப் போகுது?"

"எனக்குத் தெரியுமே. சாரணர் பொய் சொல்லக் கூடாதுன்னு அதுங்களுக்குச் சொல்லிட்டு, அதுங்க முன்னாடியே நின்னு பொய் சொல்லவா? அதுக்கு விசிலக் கழட்டிக் கொடுத்துட்டு வந்துடலாம்."

சொல்லிவிட்டாளே தவிர, விசிலைக் கொடுப்பதை நினைத்ததும் அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. சனிக்கிழமை இல்லாத வாரத்தை அவளால் கற்பனை செய்யவே முடியவில்லை. புருஷன் அவள் தட்டையும் எடுத்துக்கொண்டு போய்க் கழுவினார்.

முகாம் ஊருக்கு வெளியே ஒரு திறந்தவெளியில் நடந்தது. மரங்கள், ஒரு தண்ணீர்த் தொட்டி, அதற்கு ஒரு மோட்டார். ஒரு கோடியில் கயிறு, கூடாரக் கம்பி, போர்வை எல்லாம் அடுக்கிவைத்த சாமான் அறை. அதன் சாவி அக்காவிடம் இருந்தது. முதல் நாள் மாலை பொது வழிபாட்டில் அக்காவின் படை தன் வழக்கப்படி இடமும் வலமும் பின்னாலும் கழுத்தைத் திருப்பியது. மற்றப் படைகளில் சிரிப்பு கிளம்பியது. பல் டாக்டருக்கு முகம் கடுகடுவென்று ஆகிவிட்டது.

"என்னம்மா இது? சாமி முன்னாடி நிக்கறப்போ ஒரு மரியாதை வேண்டாமா? வேடிக்கை பாக்க வந்த மாதிரி தலையத் திருப்புறாங்க!"

வேறு சமயமாக இருந்தால் அக்கா விளக்கியிருப்பாள். ரவுண்டானாவில் லாரிக்காரர்களையே வாயடைக்க வைத்தவள் அவள். ஆனால் மடியில் கனம் இருந்தது. ஆணையரின் கவனம் தன்மேல் விழாமல் இருந்தால் போதும் என்றிருந்தது. "நாளைக்கு அப்படி இருக்காதுங்க" என்று மட்டும் சொன்னாள். பிறகு பிள்ளைகளைக் கூப்பிட்டு, "காலையில யாரும் கழுத்தத் திருப்பாதீங்க. நேரா நில்லுங்க" என்றாள்.

"ஏன் அக்கா?" என்றாள் மருந்துக்கடை மகள்.

"பெரியவங்க சொல்றாங்க. அவ்வளவுதான்."

அந்தப் பதில் அந்தப் பெண்ணுக்குப் பிடிக்கவில்லை. சொல்லப்போனால் சொன்னவளுக்கே பிடிக்கவில்லை.

மறுநாள், முகாமின் கடைசி நாள், விடிந்ததிலிருந்து அக்கா அக்காவாகவே இல்லை. ஒரு கையில் விசில், மறு கையில் பல் துலக்கும் பிரஷ், பிரஷ்ஷை ஊதப் பார்த்தாள். வழிபாட்டுக்கு மணி அடித்ததும் சாமான் அறையை அவசர அவசரமாகப் பூட்டிவிட்டு ஓடி வந்து பிள்ளைகளோடு நின்றாள். பல் டாக்டர் கண்களை மூடி வழிபாட்டைத் தொடங்கினார். அவர் குரல் நல்ல குரல். எல்லோரும் அசையாமல் நின்றார்கள்.

ஒரே ஒரு கழுத்து மட்டும் திரும்பியது. மருந்துக்கடை மகள் இடது பக்கம் பார்த்தாள். வலது பக்கம் பார்த்தாள். மறுபடியும் இடது பக்கம் பார்த்தாள்.

"அக்கா!" என்று அந்த நிசப்தத்தில் அவள் கத்தியது தண்ணீர்த் தொட்டி வரைக்கும் கேட்டிருக்கும். "என் இடது பக்கம் காலி! பொடிசக் காணோம்!"

பல் டாக்டர் கண்ணைத் திறந்தார். அக்காவின் வலது கால் தரையை ஓங்கி ஒரு மிதி மிதித்தது. ஒரு கணம், ஒரே ஒரு கணம், ஆணையர் என்ன நினைப்பாரோ என்று அவள் மனம் ஓடியது நிஜம். அடுத்த கணம் அவள் ஓட ஆரம்பித்துவிட்டாள்.

கூடாரங்களில் இல்லை. குழாயடியில் இல்லை. மற்றப் படைகளும் கலைந்து தேட ஆரம்பித்தன. அக்கா ஓடிப்போய்த் தண்ணீர்த் தொட்டியை எட்டிப் பார்த்தாள். தொட்டியில் தண்ணீரைத் தவிர ஒன்றும் இல்லை. மோட்டார் போடுகிற சத்தத்தில் வேறு எதுவும் காதில் விழவில்லை. யாரோ போய் மோட்டாரை நிறுத்தினார்கள். அப்போதுதான் சாமான் அறையிலிருந்து ஒரு மெல்லிய குரல் வந்தது.

பொடிசுதான். உள்ளே உட்கார்ந்து வேண்டிக்கொண்டிருந்தாள். ஒரு வேண்டுதல் இல்லை, எல்லா வேண்டுதலும். மருந்துக்கடை வீட்டுப் பாட்டில் தொடங்கி, மீன் வியாபாரி வீட்டு ஜெபத்துக்குத் தாவி, புரியாத மொழித் துதியைப் பல் விழுந்த வாயால் சொல்லி, நாயைக் கொடுத்தவருக்கு நன்றியும் சொல்லி முடித்திருந்தாள். கதவுக்கு வெளியே நின்ற அக்காவின் கை சாவியால் பூட்டுத் துவாரத்தைத் தேடிக்கொண்டிருந்தது. உள்ளே குரல் இப்போது சொந்தமாகப் பேசியது.

"எல்லாரையும் கூப்பிட்டுட்டேன். யாராவது ஒருத்தர் பிரேக் அக்காவ அனுப்புங்க. சீக்கிரம். இங்க பல்லி இருக்கு."

கதவு திறந்தது. பொடிசு போர்வைக் குவியலின் மேல் சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தாள். விடியற்காலையில் குளிரெடுத்ததால், திறந்திருந்த அறைக்குள் போர்வை எடுக்க வந்தவள் அதன் மேலேயே தூங்கிவிட்டாள். உள்ளே எட்டிக்கூடப் பார்க்காமல் பூட்டியது சாட்சாத் அக்காதான். ஊர் முழுக்கத் திரும்பிப் பார், திரும்பிப் பார் என்று தொண்டை கிழியச் சொன்னவள், தான் திரும்பிப் பார்க்கவில்லை.

"அழுதியா?" என்று கேட்டாள் அக்கா. அழுதுகொண்டிருந்தது அவள்தான்.

"முதல்ல கொஞ்சம் அழுதேன். அப்புறம் வேண்டிக்கிட்டேன். கதவு எந்தச் சாமியோட வேலைன்னு தெரியல, அதான் எல்லாரையும் கேட்டேன்." பொடிசு அவள் முகத்தை உற்றுப் பார்த்தாள். "உங்கள அனுப்பினது யாரு அக்கா?"

அக்கா சாவியைப் போட்டுவிட்டுக் குனிந்தாள். பிள்ளையை வாரி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

பல் டாக்டர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் நின்றார். மருந்துக்கடை மகள் அவர் முன்னால் போய் நின்று, கழுத்தை ஏன் திருப்புகிறார்கள் என்பதை அவரிடம் ஒப்பித்தாள். "பக்கத்துல இருக்கறவங்க நல்லா இருக்காங்களான்னு பாத்துட்டுதான் நாங்க கடவுள்கிட்ட பேசுவோம் சார். இல்லன்னா அவர் கேப்பாரு இல்ல, எங்க உன் பக்கத்துல இருந்தவன்னு?" டாக்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தவறு தன்னுடையது என்று சொல்ல அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது, ஆனாலும் சொன்னார்.

எல்லோரும் கலைந்ததும் அக்கா அவரிடம் போனாள். இதற்குமேல் ஒளிக்க அவளுக்குத் தெம்பில்லை.

"சார், உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். நான் கும்பிடறதில்ல. தங்கச்சி போனதுலேர்ந்து கடவுளோட எனக்குப் பேச்சு இல்ல. வாக்குறுதியில அந்த வரிக்கு நான் வாய மட்டும்தான் அசைப்பேன். பிள்ளைங்கள நான் கெடுத்ததில்ல. ஆனா உங்களுக்குத் தெரியணும்."

டாக்டர் கொடிக் கம்பத்தைத் திரும்பிப் பார்த்தார்.

"மதியம் உங்க முறை வரும்" என்றார். "உங்களால அந்த வரிய மனசறிஞ்சு சொல்ல முடிஞ்சா சொல்லுங்க. எனக்குச் சந்தோஷம். முடியலன்னா விசில என்கிட்ட கொடுத்துடுங்க. எனக்கு வருத்தம்தான், ஆனா வாங்கிக்குவேன். பொய் மட்டும் வேண்டாம்மா."

இதைவிட நியாயமாக ஒருவர் பேச முடியாது. அதுதான் அக்காவுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டிவிட்டு வந்திருக்கலாம்.

மதியம் பெற்றோர் எல்லோரும் வந்து மரத்தடியில் உட்கார்ந்தார்கள். கண்ணாடிக் கடைக்காரரும் வந்திருந்தார், கடைக்கு அரை நாள் விடுமுறை. மற்றப் படைத் தலைவர்கள் ஒவ்வொருவராக முன்னால் போய்க் கொடியின் கீழ் நின்று, கணீரென்று வாக்குறுதி சொல்லிவிட்டு வந்தார்கள். அக்காவின் முறை வந்தது. அவள் நடந்து போனாள். வலது கையை உயர்த்தினாள். விசில் கழுத்தில் தொங்கியது. பல் டாக்டர் அதைப் பார்த்துவிட்டுக் கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்.

மரத்தடியில் யாரோ இருமினார்கள். அக்காவின் பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவள் வாயைத் திறந்தாள், மூடினாள், மறுபடியும் திறந்தாள். கடைசியில் வந்தது வாக்குறுதி இல்லை.

"உன்கிட்ட எனக்கு இன்னும் கோவம்தான்" என்றாள், மேலே பார்த்து. கிளட்சை மிதிக்காமல் கியர் போடும் ஆளிடம் பேசும் அதே குரல். "அது போகல. போகும்னு நான் பொய் சொல்ல மாட்டேன். அன்னிக்கு நான் அவ்வளவு கெஞ்சினேன், நீ கேக்கல. இன்னிக்கு இவ கேட்டா, உடனே கேட்டுட்ட. என்ன கணக்கு உன் கணக்குன்னு எனக்குப் புரியல. அதுலயும் பூட்டினவளையே தொறக்க அனுப்பியிருக்க. உனக்கு வேற ஆளே கிடைக்கலியா?"

பெற்றோர் கூட்டத்தில் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் சிலர் வாயைப் பொத்திக்கொண்டார்கள். கண்ணாடிக் கடைக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"சரி. என்னைக் கேக்காமலே என்னை அனுப்பிட்ட, நானும் தெரியாம வந்துட்டேன். இனிமே தெரிஞ்சே வர்றேன். எந்தப் பிள்ளை கூப்பிட்டாலும் அனுப்பு, வர்றேன். என்னால முடிஞ்சது அதுதான்." அவள் ஒரு மூச்சு விட்டாள். பிறகு மைதானத்தின் கடைசி வரிசைக்கும் கேட்கும்படி சொன்னாள்: "கடவுளுக்கு என் கடமையைச் செய்வேன்."

யாரும் கை தட்டவில்லை, அது கை தட்டும் இடம் இல்லை. பல் டாக்டர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"இன்னும் ரெண்டு வரி பாக்கி இருக்கும்மா" என்றார்.

அக்காவுக்கு அந்த இரண்டு வரியும் சுத்தமாக மறந்துபோயிருந்தன. இத்தனை வருஷமும் சத்தமாகச் சொன்ன வரிகள் அவை! அவள் திருதிருவென விழிப்பதைப் பார்த்த பிள்ளைகள் பொறுக்க முடியாமல் கோரஸாக, "பிறருக்கு உதவுவேன்!" என்று எடுத்துக் கொடுத்தார்கள். இப்போது எல்லோருமே சிரித்துவிட்டார்கள், டாக்டர் உட்பட. அவருக்கு ஒரு பல் சொத்தை என்பது அன்றைக்குத்தான் ஊருக்குத் தெரிந்தது. அக்கா மிச்சத்தையும் சொல்லி முடித்து, வணக்கம் வைத்துவிட்டு, விசிலோடு தன் வரிசைக்குத் திரும்பி வந்தாள்.

பிறகு கூடாரங்களைப் பிரிக்கும் வேலை. பிள்ளைகள் கம்பியை இழுத்துக்கொண்டு, கயிற்றைச் சுற்றிக்கொண்டு, கத்திக்கொண்டு ஓடினார்கள். பொடிசு தன் அம்மாவிடம் பல்லியின் நீளத்தைக் கையை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். விரிக்க விரிக்கப் பல்லி வளர்ந்தது. அக்காவும் புருஷனும் சாமான் அறை வாசலில் நின்று போர்வைகளை மடித்தார்கள். ஒரு முனையை அவள் பிடிக்க, மறு முனையை அவர் பிடிக்க, உதறி, நடுவில் கூடி, மறுபடியும் விலகி.

பாதி மடித்த ஒரு போர்வையைப் பிடித்தபடி அக்கா நின்றுவிட்டாள். கோபத்தில் இருந்த இத்தனை வருஷமும் தங்கையைப் பற்றி விசாரிக்க அவளுக்கு ஆளே இல்லாமல் இருந்தது. இப்போதுதான் அது உறைத்தது.

"தங்கச்சிக்குக் குளிர் ஆகாது" என்றாள் மெதுவாக. "ராத்திரியில போர்வைய உதறித் தள்ளிடுவா. கொஞ்சம் எழுந்து போத்திவிடு."

புருஷன் நிமிர்ந்தார். தன்னிடம்தான் சொல்கிறாள் என்று நினைத்து ஏதோ கேட்க வாயெடுத்தவர், மேலே நிமிர்ந்திருந்த அவள் முகத்தைப் பார்த்ததும் ஒன்றும் கேட்கவில்லை. தன் முனையை இறுகப் பிடித்துக்கொண்டு, அவள் பேசி முடிக்கும் வரை காத்திருந்தார்.